ரெட்ரோ ஸ்னீக்கர்: எது கடிக்கும், எது தாங்கும்?

ரெட்ரோ ஸ்னீக்கர், அதாவது பழைய காலத்து விளையாட்டு ஷூ மாடல், வாங்கும்போது அந்த ஷூ முதலில் எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஆடுகளத்துக்கான ஷூ தரையோடு ஒட்டி நிற்க வேண்டும், அதனால் சோல் தட்டையாக இருக்கும். ஓட்டத்துக்கான ஷூ குதிகாலில் விழும் அடியைத் தாங்க வேண்டும், அதனால் அடியில் நுரை வைத்திருப்பார்கள்.

கன்வர்ஸ் ஆல் ஸ்டார் 1917-இல் கூடைப்பந்துக்காக வந்தது. பின்னால் கூடைப்பந்து வீரர் சக் டெய்லரின் பெயரும் சேர்ந்துகொண்டது, சுருக்கமாக சக். ஜீன்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான ஷூவை நான் பார்த்ததில்லை. ஆனால் உள்ளே கையை விட்டு, குதிகால் படும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்; உடனே கெட்டி ரப்பர் தட்டுப்படும். நாள் முழுக்க நின்று வேலை செய்பவருக்கு உள்ளங்கால் எரியத் தொடங்கிவிடும். சக்தான் வேண்டும் என்று மனது அடம்பிடித்தால், கூடக் கொஞ்சம் செலவானாலும் சக் 70 வாங்குங்கள். கேன்வாஸ் தடிமன், உள்ளே பாதம் படும் இன்சோலில் மெத்தையும் அதிகம். அப்புறம், சக் பொதுவாக அரை சைஸ் பெரிதாகவே வரும்.

அடிடாஸ் சாம்பா உறைந்த தரையில் கால்பந்து ஆடுவதற்காகப் பிறந்தது. மெலிந்த உருவம், கோந்து நிற சோல், அழகில் குறையே இல்லை. சிக்கல் அகலத்தில்தான். பழகினால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். லெதர் பழகப் பழக இளகும், சோலின் அகலம் அப்படியேதான் இருக்கும். அகலப் பாதத்துக்கு சுண்டுவிரல் பக்கம் கடித்துக்கொண்டே இருக்கும். அடிடாஸின் இன்னொரு மாடலான சூப்பர்ஸ்டாரின் ரப்பர் மூக்கும் அப்படித்தான், கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. 1982-இல் வந்த நைக்கி ஏர் ஃபோர்ஸ் 1-இல் காற்று மெத்தை உண்டு, ஆனால் கனம்.

ஓட்டத்துக்கென்று வந்தவற்றில் நியூ பேலன்ஸ் 574, 1988 மாடல். மென்மையான நுரையைச் சுற்றிக் கெட்டியான விளிம்பு இருப்பதால் மெத்தென்று இருக்கும், ஒரு பக்கமாகச் சரியாது. அகலப் பாதத்துக்கென்றே தனி அளவும் உண்டு. பருமனாக இருக்கிறது, ஸ்டைல் போதாது என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தச் சாம்பல் நிற ஸ்வேட் (பூந்துகள் போன்ற மேற்பரப்புள்ள தோல்) எந்த பேன்டோடும் போகும்.

ஒரே ஒரு ஜோடிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் என் தேர்வு ரீபாக் கிளாசிக் லெதர். 1983-இன் ஓட்ட ஷூ, பார்வைக்கு ஒல்லி, லெதர் முதல் நாளே மென்மை. நிற்கவும் நடக்கவும் சக், சாம்பா இரண்டையும்விட எவ்வளவோ மேல்.

எதை வாங்கினாலும் சாயங்காலம் போட்டுப் பாருங்கள், காலையைவிடப் பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். இன்சோல் கழன்று வருமென்றால் அதைத் தரையில் போட்டு ஏறி நில்லுங்கள். விரல்கள் ஓரத்தைத் தாண்டி வழிந்தால், ஒரு சைஸ் கூட்டினாலும் பெரும்பாலும் நீளம்தான் கூடும். வேறு மாடலைக் கேளுங்கள்.