ஏழு வருடம் ஒரே குளுக்கோஸ் அனலைசரோடு

இன்சுலின் கிளாம்ப், வாய்வழி குளுக்கோஸ் பரிசோதனை என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் எடுக்கும் ரத்தம் எல்லாம் ஏழு வருடமாக ஒரே அனலைசரில்தான் ஓடுகிறது. மேசைமேல் வைக்கிற, நொதி மின்முனை வகை இயந்திரம். வாங்கலாமா என்று விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, "சரியாகக் காட்டுகிறதா?" என்றுதான். காட்டுகிறது. எங்களுக்கு வந்த தவறுகளில் பெரும்பாலானவை சாம்பிள் இயந்திரத்துக்குள் போகும் முன்பே நடந்துவிட்டவை.

1962-ல் லீலாண்ட் கிளார்க் முன்வைத்த தத்துவம்தான் உள்ளே இருக்கிறது. மெம்பிரேன் என்னும் மெல்லிய சவ்வில் பொதிந்திருக்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி குளுக்கோஸை ஆக்சிஜனேற்றம் செய்யும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அது பிளாட்டினம் மின்முனையில் தருகிற மின்னோட்டத்தை இயந்திரம் அளவாக மாற்றிச் சொல்கிறது. சாம்பிளை வைத்து ஒரு நிமிடம் போல ஆகும், அவ்வளவுதான்.

கிளாம்ப் (இன்சுலின் உடலில் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் பரிசோதனை) செய்பவர்களுக்கு இந்த வேகம்தான் உயிர். இன்சுலின் ஒரே சீராக ஏறிக்கொண்டிருக்கும். ரத்த குளுக்கோஸை 90 மி.கி./டெ.லி. அருகிலேயே நிறுத்த, 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து குளுக்கோஸ் சொட்டும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். வீட்டு குளுக்கோமீட்டர் இதற்கு ஆகாது. 100-க்குக் கீழே 15 மி.கி. வரை முன்னே பின்னே காட்டினாலும் ஐ.எஸ்.ஓ. தரம் அதை ஏற்றுக்கொள்ளும். 78-ஆ 102-ஆ என்று தெரியாமல் பம்ப்பைத் திருப்ப முடியுமா? பெரிய ஆய்வகத்தில் ஹெக்சோகைனேஸ் என்ற வேறொரு நொதியை வைத்து அளக்கும் முறை அருமையானது, ஆனால் அங்கிருந்து முடிவு வருவதற்குள் அடுத்த பல சாம்பிள்கள் எடுத்தாகிவிடும்.

பழகப் பழகத்தான் பிடிபட்ட ஒன்று உண்டு. எங்கள் இயந்திரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே கேலிபிரேஷன் செய்துகொள்ளும், அதாவது அளவு தெரிந்த கரைசலை வைத்துத் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். பிளாஸ்மாவை (அணுக்கள் நீக்கிய ரத்தத் திரவம்) பிப்பெட்டில் எடுத்துக்கொண்டு நிற்கும்போதுதான் அது ஆரம்பிக்கும், நாமும் காத்திருக்க வேண்டியதுதான். இப்போதெல்லாம் ஒரு சாம்பிள் முடிந்த கையோடு நாங்களே கேலிபிரேஷனைத் தட்டிவிடுகிறோம்.

மெம்பிரேன் மாற்றுவது கைப்பழக்கம். ஒரு சொட்டு பஃபர் விட்டு, ஓ-ரிங்கை அழுத்தும்போது அடியில் கடுகளவு காற்றுக்குமிழ் சிக்கினாலும் அன்றைய வேலை கெட்டது. அளவு நிலைக்கு வராமல் ஏறிக்கொண்டே இருக்கும், கேலிபிரேஷன் தோற்கும். முதல் மாதத்தில் மூன்று மெம்பிரேன் இப்படி வீணாக்கினேன். ஃபெர்ரோசயனைடு சோதனையை யாரும் தள்ளிப்போட வேண்டாம். நல்ல மெம்பிரேன் ஃபெர்ரோசயனைடை உள்ளே விடாது. விட்டால் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இனி என்னை மிகவும் வருத்திய சம்பவம். ஒருநாள் வெறும் வயிற்று சாம்பிள் ஒன்று சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி அணுக்களைப் பிரிக்காமல் ஒன்றரை மணி நேரம் மேசையிலேயே கிடந்துவிட்டது. 95 என்று வந்தது. அதே நேரத்தில் எடுத்து உடனே பிரித்த இன்னொரு டியூப் 103 காட்டியது. 100-க்கு மேல் என்றால் நீரிழிவுக்கு முந்தைய நிலை, கீழே என்றால் இயல்பு. ஒரே மனிதர் இரண்டு பக்கமும் விழுகிறார்! ரத்த அணுக்கள் டியூபுக்குள்ளும் குளுக்கோஸைத் தின்றுகொண்டுதான் இருக்கும், அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். குளுக்கோஸ் குறையாமல் காக்கத்தான் சோடியம் ஃபுளோரைடு டியூப் இருக்கிறதே என்று நம்பியிருந்தோம். அது தடுப்பது சர்க்கரைச் சிதைவின் கடைசிப் படிகளில் ஒன்றில் வேலை செய்யும் ஈனோலேஸ் நொதியை. அதனால் முதல் ஓரிரு மணி நேரம் சரிவு நிற்காது. சிட்ரேட் கலந்த டியூப் தொடக்கத்திலேயே நிறுத்திவிடும். அது கிடைக்காவிட்டால் ஐஸில் வைத்து அரை மணிக்குள் பிரித்துவிடுங்கள். அன்றிலிருந்து எங்கள் சென்ட்ரிஃபியூஜ் அனலைசருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அப்புறம், முழு ரத்தமா பிளாஸ்மாவா என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள். பிளாஸ்மாவில் சுமார் 11 சதவீதம் கூடுதலாக வரும். பாதியில் மாற்றினால் முந்தைய அளவுகளோடு ஒப்பிட வழியில்லை.

குறை என்றால் பிரிண்ட் வரும் தாள்தான். வெப்பத்தில் அச்சாகிற தாள், மங்கிவிடுகிறது. முதல் வருடக் கட்டு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது. இப்போது அன்றன்றே நகல் எடுத்து ஒட்டுகிறோம்.