பேனா அளவு பி.எச். மீட்டர்: 14 மாதம் மாட்டு வயிற்றோடு

பண்ணை பண்ணையாகப் போய் மாடு பார்ப்பது என் தொழில். பையில் ஸ்டெதாஸ்கோப்புக்குப் பக்கத்தில், அமிலத்தன்மையை அளக்கும் இந்த பி.எச். மீட்டர் இடம்பிடித்து 14 மாதம் ஆகிறது. அதற்கு முன்பு நிறம் மாறும் காகிதப் பட்டைதான். மாட்டின் முதல் வயிற்றுத் திரவமே பச்சை. அதில் தோய்த்த பட்டையை வெளிச்சத்தில் எப்படித் திருப்பிப் பார்த்தாலும் தீவனச் சாயம்தான் தெரியும். பி.எச். எண் இறங்க இறங்க அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்: 5.5 என்றால் வயிற்றில் அமிலம் மிஞ்சும் அமில நோய், 6 என்றால் கவலை குறைவு. அந்த அரைப் புள்ளிக்குள் அமிலம் மூன்று மடங்கு மாறிவிடுகிறது. அதைப் பட்டையை வைத்துப் பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

மீட்டரின் அருமை தெரிந்தது ஒரு மூன்றாம் ஈற்றுப் பசுவிடம். கன்று போட்டு மூன்று வாரம். பாலில் கொழுப்பு இறங்கியிருந்தது, ஒரு நாள் தின்றால் மறுநாள் பாதியை மிச்சம் வைத்தது. குடற்புழு என்று நினைத்து மருந்தும் கொடுத்திருந்தார்கள். சாணம் கூழாக, நுரைக் குமிழிகளோடு கிடந்தது. விரலால் தேய்த்தால் உடையாத மக்காச்சோளத் துணுக்குகள். படுத்து அசைபோட்ட மாட்டின் முன்னால் உட்கார்ந்து மெல்லுவதை எண்ணினேன். ஒரு கவளத்துக்கு 50 முதல் 70 முறை மெல்ல வேண்டிய மாடு, 38-லேயே விழுங்கிவிட்டது.

அடர்தீவனம் வைத்து மூன்று மணி நேரம் கழித்து வாய்வழியே குழாய் விட்டோம். முதலில் வந்த திரவத்தைக் கொட்டிவிட்டேன். மாடு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் எச்சில் சுரக்கிறது, அது காரத்தன்மை உள்ளது. அது கலந்தால் எந்த மீட்டரும் நல்ல செய்திதான் சொல்லும். இரண்டாவதாக வந்தது சாம்பல் பூத்த பச்சை, மூக்கைத் துளைக்கும் புளிப்பு வாடை. மீட்டர் 5.4 காட்டியது. கொஞ்சம் எச்சில் கலந்தும் இந்த அளவென்றால் உள்ளே இன்னும் கீழே இருந்திருக்கும். அடர்தீவனத்தைக் குறைத்து நான்கு வேளையாகப் பிரித்தோம், ஒவ்வொரு வேளையும் முதலில் வைக்கோல், தீவனத்தோடு சோடா உப்பு. பத்தாம் நாள் அதே நேரத்தில் எடுத்தபோது 6.2. கவளத்துக்கு 57 முறை மென்றது. அந்த 57-ஐ எண்ணி முடித்தபோது வந்த சந்தோஷம் இன்னும் மனதில் இருக்கிறது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். தண்ணீர் புகாது என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. இரண்டாம் மாதமே பேட்டரி மூடிக்குள் ஈரம். அதைவிட எனக்குக் கோபம், எலக்ட்ரோடை (திரவத்தில் தோய்க்கும் நுனிப் பகுதி) எதில் வைக்க வேண்டும் என்று கூட வந்த தாளில் ஒரு வரிகூட இல்லாதது. வெறும் காய்ச்சி வடித்த நீரில் வைத்தேன், ஐந்தே மாதத்தில் எண் நிலைக்காமல் ஓடத் தொடங்கியது. மூடிக்குள் பொட்டாசியம் குளோரைடு கரைசல் சில சொட்டு இருக்க வேண்டுமாம். புது எலக்ட்ரோடு மாட்டிய பிறகு அப்படித்தான் வைக்கிறேன், இதுவரை ஒழுங்காக இருக்கிறது. தினமும் காலையில் பி.எச். 7, 4 என்று அளவு முன்பே தெரிந்த இரண்டு பஃபர் கரைசலிலும் சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். நார் ஒட்டினால் கண்ணாடிக் குமிழைத் தேய்க்கக் கூடாது. கழுவி, ஒற்றி எடுத்தால் போதும். திரவத்தை எடுத்த உடனே அளக்கவும் வேண்டும், காற்றுப் பட்டால் கரியமில வாயு வெளியேறி எண் ஏறிவிடும்.

மாட்டுக்குள்ளேயே தங்கி நாள் முழுக்க எண் அனுப்பும் உணரி மாத்திரைகளும் உண்டு. நாள் முழுக்க ஏறி இறங்குவதைக் காட்டுவதில் என் மீட்டர் அதற்கு ஈடாகாது. ஆனால் அதன் பி.எச். உணரி சில மாதங்களில் வழுவத் தொடங்கும், வெளியே எடுத்துச் சரிசெய்யவும் வழியில்லை. கண்காணிக்க அது, கேள்வி எழுந்த இடத்தில் இது.

ஒரு மாட்டின் எண்ணை வைத்து மந்தையையே மதிப்பிடாதீர்கள். விலாவில் ஊசி வழியாக 12 மாட்டில் எடுத்து, அதில் மூன்றோ அதற்கு மேலோ 5.5-க்குக் கீழே இருந்தால்தான் தீவன முறையில் கோளாறு என்பேன். குழாயில் எடுக்கும்போது 5.8-லேயே உஷாராகிவிடுவேன்.

வாங்குபவர்கள் எலக்ட்ரோடைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிற மாடலாகப் பாருங்கள். என்னுடையதில் முடிந்தது, அதனால்தான் இன்றும் பையில் இருக்கிறது.