ஸ்டெல்லாவா, பிஜியா?

கடல் தூண்டிலில் இறங்குகிற எல்லோருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். ஷிமானோ நிறுவனத்தின் ஸ்டெல்லா 4000 ஒரு பக்கம், டைவா நிறுவனத்தின் பிஜி 4000 மறுபக்கம். இரண்டுமே 4000 என்று எண் போட்ட ஸ்பின்னிங் ரீல்கள்தான், அதாவது கைப்பிடியைச் சுற்றி லைனை இழுக்கும் கருவிகள். ஆனால் ஸ்டெல்லா விலைக்கு ஏழெட்டு பிஜி வாங்கிவிடலாம்.

முதலில் பேரிங் கணக்கை, அதாவது ரீல் உராயாமல் சுழல உதவும் உருளைகளின் எண்ணிக்கையை, ஒதுக்கிவிடுங்கள். ஸ்டெல்லாவில் 12 பால் பேரிங்கும் ஒரு ரோலர் பேரிங்கும், சுருக்கமாக 12+1. பிஜியில் 6+1. பெயர் தெரியாத ஆயிரம் ரூபாய் ரீலின் பெட்டியிலும் 13+1 என்று அச்சடித்திருப்பார்கள். பேரிங் எத்தனை என்பதைவிட அதன் தரம், உப்புத் தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் அமைப்பு, பற்சக்கரத்தின் நேர்த்தி இவைதான் ரீலின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

காசு எங்கே போகிறது என்பது கைப்பிடியைச் சுற்றும்போதே தெரிந்துவிடும். ஸ்டெல்லாவின் பெரிய பற்சக்கரம் சூடாக்காமல் அழுத்தி உருவாக்கிய அலுமினியக் கலவை. பற்கள் மிகச் சிறியவை, நெருக்கமானவை. லூரை, அதாவது செயற்கை இரையை, மீன் லேசாக முட்டினாலும் விரலுக்கு எட்டும். எடையும் 260 கிராம்தான். பிஜி 400 கிராமைத் தாண்டும். காலையிலிருந்து உச்சிவெயில் வரை வீசிக்கொண்டே இருப்பவருக்கு மணிக்கட்டில் அந்த வித்தியாசம் நன்றாகவே உறைக்கும்.

டிராக்கில், அதாவது மீன் இழுக்கும்போது லைனை அளவோடு விட்டுக்கொடுக்கும் பிரேக்கில், நிலைமை வேறு. முகத்துவாரத்தில் கொடுவாவுக்கு நிற்கிறோம், 20 பவுண்டு பிரெய்டு (பின்னிய லைன்) போட்டிருக்கிறோம் என்று வையுங்கள். அதன் அறுபடு வலு சுமார் 9 கிலோ. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டிராக்கை இறுக்க மாட்டோம். அதாவது 3 கிலோ. பிஜி 8 கிலோ வரை தாங்கும். கொடுவா எகிறிக் குதிக்கும்போது இரண்டு ரீலுமே லைனைத் தடங்கலின்றி விடுகின்றன. ஸ்டெல்லா இன்னும் கொஞ்சம் சீராக விடும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்துக்கு ஏழு மடங்கு விலை தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. பிஜியின் உடல் அலுமினியம், வளையாது. மிச்சப் பணத்தில் நல்ல ராடும் (தூண்டில் கோல்) நல்ல பிரெய்டும் வாங்கினால் மீன் கூடுதலாக ஏறும்.

அந்தமானில் ஜிடி என்கிற பெரும் பாறை மீனைத் துரத்தப் போகிறீர்களா? அங்கே இந்த வாதம் செல்லாது. பவளப்பாறையை நோக்கி அது பாயும்போது டிராக் சூடேறும், ரீலின் உடல் முறுக்கேறும். தொடக்கத்தில் டிராக் ஒரு நொடி சிக்கினாலே லைன் போய்விடும். அதற்கு ஸ்டெல்லா எஸ்டபிள்யூ (உப்புநீர் ரகம்) அல்லது டைவா சால்டிகா, 14000 அளவில். இங்கே கொடுக்கிற காசு முழுக்க நியாயம். சொந்தமாக வாங்க முடியாதவர்கள் படகுக்காரரிடம் வாடகைக்குக் கிடைக்குமா என்று முன்பே கேட்டுவைக்கலாம்.

எந்த ரீலானாலும் பெரும்பாலும் முதலில் துருப்பிடிப்பது லைன் ரோலர் பேரிங்தான், அதாவது லைன் உரசி ஓடும் சின்ன உருளையின் பேரிங். பழைய ஸ்டெல்லா கைமாறி வந்தால், கைப்பிடியைச் சுற்றிப் பார்த்து மயங்காமல் அந்த ரோலரை விரலால் உருட்டிப் பாருங்கள். கரகரத்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். கடலிலிருந்து வந்ததும் டிராக்கை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரில் மெல்ல அலசி, காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். பீய்ச்சி அடிக்கக் கூடாது. உப்பு உள்ளே போய்விடும்.