மேட்டு ஓட்டத்துக்குச் சிதறாலா, மருந்துவாழ் மலையா?

ஓடத்தான் வேண்டுமென்றால் சிதறால். குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம், 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் இருக்கும் குன்று. கல் பாவிய பாதை மேலே வரை போகிறது. அடியை எங்கே வைப்பது என்று யோசிக்காமல் சீராக ஏறலாம். செங்குத்தான இடத்தில் குதிகால் தரையில் படாது, கெண்டைக்கால் எரியும். சிறு எட்டாக வைத்து, கையை வீசி ஏறுங்கள். இறங்கும்போதுதான் முட்டிக்கு அடி, நடந்தே இறங்குங்கள். தொல்லியல் துறை இடம் என்பதால் வாசல் திறக்கும் நேரம் பார்த்துப் போகணும். விடியுமுன் ஓடுகிறவர்களுக்கு இது ஒரு தொல்லை.

பொற்றையடி மருந்துவாழ் மலை வேறு ரகம். முதலில் படிக்கட்டு, பிறகு பாறை. நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகையைத் தாண்டினால் ஓட்டம் என்பது பேச்சுக்குத்தான். தொடையில் கை ஊன்றி ஏற வேண்டியதுதான். காட்சியில் சிதறால் இதன் பக்கத்தில் நிற்காது: கீழே தென்னந்தோப்பு, தெற்கே குமரிக்கடல்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரப் பாறையில் மருந்துவாழ் மலை வேண்டவே வேண்டாம். நேரம் குறித்து ஓடிப் பார்க்கச் சிதறால். மூச்சும் மனமும் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, வெயில் ஏறுமுன் மருந்துவாழ் மலை.