சுங்கை சிப்புட் பழைய புத்தகக் கடையும் ரொனால்ட் சைமும்

நம்ம மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் இருக்கும் பழைய புத்தகக் கடையில், ரோம வரலாற்று ஆசிரியர் ரொனால்ட் சைமின் ‘தி ரோமன் ரெவல்யூஷன்’ 15 வெள்ளிக்குக் கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்க நினைக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் இவரை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1903-இல் நியூசிலாந்தின் எல்தம் என்ற சின்ன ஊரில் பிறந்து, ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கப் போய், 1949-இல் அங்கேயே பண்டைய வரலாற்றுப் பேராசிரியரானவர், நடுவில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இஸ்தான்புல்லிலும் பாடம் நடத்தியிருக்கிறார்.

புத்தகம் 1939 செப்டம்பரில் வந்தது. ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் எப்படி ஆட்சியைப் பிடித்தார் என்பதை, யார் யாருக்குச் சம்பந்தி, யார் யாருடைய ஆள் என்று குடும்பம் குடும்பமாகத் துருவுகிறார், கங்காணி வீட்டுக் கல்யாணத்தை வைத்தே தோட்டத்து நிலவரம் சொல்லும் நம் பாட்டிகள் மாதிரி. பெயர்கள்தான் ரொம்ப அதிகம். அடிக்குறிப்பில் பண்டைய ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் வரிகள் லத்தீனிலேயே நிற்கின்றன. என் பிரதியில் யாரோ பென்சிலில் பொருள் எழுதியிருந்தது பெரிய உதவி.

கடையில் தூசி உண்டு, அடுக்கிலும் ஒழுங்கு கிடையாது. ஆனால் கடைக்கார அண்ணன் உட்கார்ந்து படிக்க விடுவார், அப்புறம் சொல்லிவைத்தால் இந்த மாதிரிப் புத்தகங்களை எடுத்தும் வைப்பார்.