நாலு ஓரங்க நாடகமா, ஒரே முழு நாடகமா?

மொரீஷியஸில் எங்கள் மாணவர் குழு இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டது. போன வருஷம் மூன்று மணி நேர வள்ளி கதை. முருகனே பேசித் தீர்த்தான். மற்றவர்களுக்குக் காவடி தூக்கும் வேலைதான். வீட்டில் உள்ளூர் மொழியான கிரியோல் பேசும் பிள்ளைகளுக்கு அத்தனை நீள வசனம் பெரும்பாடு.

இந்த வருஷம் அவர்களே எழுதிய நாலு ஓரங்கம், தலா 20 நிமிஷம். ஒன்றில் பாட்டி, ரூபாய் நோட்டிலுள்ள தமிழை விளக்கடியில் பிடித்து ‘நூ... று’ என்று எழுத்துக் கூட்டுகிறாள். பேத்தியாக நடித்தவள் உள்ளங்கையில் எழுதிவந்த வசனம் வியர்வையில் அழிந்துபோக, கிரியோலில் சமாளித்தாள். அதுதான் அசல் வீடு! மூன்றாவது நாடகம் சப்பென்றிருந்தது. போகட்டும், 20 நிமிஷம்தானே. காட்சிக்குக் காட்சி மேடையை மாற்ற இருட்டில் நாற்காலி தேடியதுதான் எரிச்சல்.

கோயில் மண்டபம் என்றால் வள்ளிக்கே கூட்டம் வரும். நான் ஓரங்கத்துக்கே போவேன்.