இன்சூரன்ஸ் வாங்கித் தருகிறோம் என்று ஆபரேஷன் விற்கும் ஆப்கள்: உஷார்

ரூ.2,85,000. க்ளெய்ம் நிராகரிப்புக் கடிதம் நேற்றுதான் வந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எழுதுவது முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். உயரம் 158 செ.மீ., எடை 90 கிலோ. ராத்திரியில் வலது கையின் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகும், எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருப்பேன். மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது, கார்ப்பல் டனல், எடையும் ஒரு காரணம் என்றார் எங்கள் தெரு டாக்டர். இதை போனில் தேடியதுதான் தாமதம், ஆபரேஷன் ஏற்பாடு செய்து தரும் ஒரு ஆப்பிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. (பெயர் போடவில்லை. புகார் கொடுத்திருப்பதால் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார் வக்கீல்.)

பேசிய பெண் முதலில் மேடம் என்றாள், அப்புறம் அக்கா ஆனேன். வீட்டுக்கே வந்தாள். அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "எங்கம்மாவுக்கும் இதேதாங்க்கா. இரைப்பையைச் சின்னதாக்குற ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணிட்டா எடையும் குறையும், கையும் சரியாயிடும்" என்றாள். பணத்துக்கு எங்கே போவது என்றேன். "உங்க பி.எம்.ஐ., அதான் உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு, 36. 35-க்கு மேல இருந்து கூட ஒரு வியாதியும் இருந்தா இன்சூரன்ஸ் குடுத்தே ஆகணும். இந்தக் கை நரம்பைக் காட்டியே முழுசா வாங்கித் தர்றது என் பொறுப்பு. இன்சூரன்ஸே நேரா ஆஸ்பத்திரிக்குக் கட்டுற கேஷ்லெஸ்னா லேட் ஆகும், முதல்ல நீங்க கட்டிடுங்க" என்றாள். அம்மா அப்போதே எழுந்து நகைப் பெட்டியை எடுத்து வந்தார். அடகு வைத்துக் கட்டிய பணம்தான் அந்த 2,85,000.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது, சர்ஜன் மேல் எனக்குக் குறை இல்லை. எடை மளமளவென்று இறங்கியது. ராத்திரி மரமரப்பும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் புதிதாகச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரக்க ஆரம்பித்தன. பேக்கேஜில் ஒரு வருடக் கவனிப்பு உண்டு என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள், அதனால் அவளைக் கூப்பிட்டேன். "சத்துக் குறைவுக்கா, மாத்திரை போடுங்க." எந்த மாத்திரை என்று கேட்டால் பதில் இல்லை. அப்புறம் "டயட்டீஷியன் கூப்பிடுவாங்க." யாரும் கூப்பிடவில்லை. அப்புறம் அவள் வேலையை விட்டுவிட்டாளாம். புதிதாக வந்த பையன் ஆப்பில் டிக்கெட், அதாவது புகார், போடச் சொன்னான். போட்டால் 'உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது' என்று அதுவே மூடிக்கொள்கிறது!

கடைசியில் அரசு ஆஸ்பத்திரி நரம்பியல் ஓ.பி.யில்தான் விஷயம் புரிந்தது. நரம்பில் மின்சாரம் ஓடும் வேகத்தைப் பார்க்கும் டெஸ்ட் எடுத்தார்கள். மணிக்கட்டில் பழைய அழுத்தம் இன்னும் இருக்கிறது, இப்போது முழங்கையிலும் இன்னொரு நரம்பு அழுந்துகிறது. எடை வேகமாகக் குறையும்போது நரம்புக்கு மெத்தை போல இருந்த கொழுப்பும் கரைந்துவிடுமாம். நானோ நாள் முழுக்க முழங்கையை மேஜையில் ஊன்றி வேலை செய்கிறவள். பி12 வைட்டமினும் குறைந்திருந்தது. இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டால் அது சரியாக உடம்பில் ஏறாது, இடையிடையே ரத்தம் பார்த்தே ஆகவேண்டுமாம். பேக்கேஜில் போட்டிருந்தது இதற்குத்தானே! மணிக்கட்டுக்கு முதலில் ராத்திரிப் பட்டை கட்டிப் பார்த்திருக்கலாமே என்றார் அந்த டாக்டர். சில நூறு ரூபாய்ப் பட்டை.

இன்சூரன்ஸ் கதை இதைவிட மோசம். 35-க்கு மேல், கூட ஒரு வியாதி என்று அவள் சொன்ன விதி உண்மைதான், ஆனால் பாதி. அந்த வியாதிகள் எவை என்று பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறது: உடல் பருமனால் வரும் இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்கடங்காத சர்க்கரை. எனக்கு நான்கில் ஒன்றும் இல்லை. கை நரம்பு அந்தப் பட்டியலிலேயே இல்லை. தினமும் இதையே விற்கிறவளுக்கு இது தெரியாதா? கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். "முடிவு இன்சூரன்ஸ் கம்பெனியுடையது, எங்களுக்குப் பொறுப்பு இல்லை" என்று ஒரு வரி வந்தது, அத்தோடு நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 2,85,000 ரூபாய்க்கு ஒரு வரி.

என்னென்ன பார்க்கவேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இன்சூரன்ஸ் கிடைக்கும் என்று யார் சொன்னாலும் ஆபரேஷனுக்கு முன்பே இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். கை மரத்தால் முதலில் நரம்பு டெஸ்ட் எடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் மரமரப்பைச் சத்துக் குறைவு என்று ஒதுக்கினால் விடாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அவளுடைய வாட்ஸ்ஆப் மெசேஜ் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, நீங்களும் எதையும் அழித்துவிடாதீர்கள்.